தறி நின்றால் விருந்தாளி

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் தனித்தனியாக "வாங்க" என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் கேட்டுவிட்டார், அது எல்லோருக்கும் சேர்த்துத்தான் என்று விட்டுவிட முடியாது. அடுப்படியில் இருக்கிறவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்க வேண்டும். குளித்துக்கொண்டிருந்தவர் தலையைத் துவட்டியபடியே வந்து கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிக் கேட்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் போச்சு. கல்யாணச் சாப்பாட்டில் உப்பில்லாததைக்கூட மறந்துவிடுவார்கள். "அந்த ஊட்டு மருமக என்னைய வாங்கன்னு கேக்கலையே" என்பதைப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கோயமுத்தூர் மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் மெச்சுவது இதைத்தான். அந்த மரியாதைக்குள் வாழ்க்கைப்பட்டவளைக் கேட்டால் வேறு கதை சொல்வாள்.

இப்படிப்பட்ட ஊரில்தான் என் மகள் பிறந்தாள். வந்தவர்கள் முகத்தை அவள் ஏறிட்டுப் பார்க்கவே மாட்டாள்.

வாய் பேசாத பிள்ளை என்றில்லை. டிவியில் வருகிற சோப்பு விளம்பரத்தை முதலிலிருந்து கடைசிவரை, அந்த ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பாள். ஆனால் "பாப்பா, சாப்டியா?" என்றால் பதில் வராது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தொட்டால் கத்துவாள். சூலூரில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். விசைத்தறி ஓடுகிற சத்தத்தில் புதிதாக வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். இவள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சொர்க்கத்தில் இருப்பதுபோல் உட்கார்ந்திருப்பாள். நூல் தீர்ந்த வெற்றுக் கண்டுகளை வரிசையாக அடுக்குவாள், கலைப்பாள், மறுபடி அடுக்குவாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோயமுத்தூரில் ஒரு டாக்டர் அவளை வெகுநேரம் பார்த்துவிட்டு "ஆட்டிசம்" என்றார். எனக்கு அது ஏதோ டானிக்கின் பெயர்போல இருந்தது. எத்தனை வேளை கொடுக்கணுங்க என்று கேட்காத குறைதான். "இது நோய் இல்லம்மா, அவ அப்படித்தான் இருப்பா. ஆனா நெறைய கத்துக்குவா" என்றார். முதல் பாதி மட்டும்தான் அன்றைக்கு என் காதில் விழுந்தது. பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அழுதேன். இரண்டாம் பாதியை என் காதில் விழவைத்தவர்கள் பிறகு வந்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் உடுமலைக்காரர் கோபித்துக்கொண்ட கதையைச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரரின் அக்காவை உடுமலைப்பேட்டையில் கொடுத்திருந்தது. அவரை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். நங்கையாவின் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன் முறை, பாப்பாவுக்கு மாமா. தென்னந்தோப்பு வைத்திருந்தார். வேட்டியில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சில் ஒரு மரியாதைக் குறைவு இருக்காது. அதையே அடுத்தவரிடமும் எதிர்பார்ப்பார். முறை என்றால் அவருக்கு முறைதான்.

ஒருநாள் சூலூர்ப் பக்கம் ஏதோ வேலையாக வந்தவர், அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார். தறி ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் தறிக்கூடத்தில். நான் பின்னால் துவைக்கிற கல்லில். மாமனார் டீ குடிக்கப் பேருந்து நிலையத்துப் பக்கம் போயிருந்தார். "ஏனுங்க... ஏனுங்க..." என்று அவர் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. முன்னறையில் பாப்பா மட்டும் கண்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். "கண்ணு, அப்பா எங்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். போகிற வழியில் என் மாமனாரைப் பார்த்துச் சொன்னாராம்.

"உங்க ஊட்ல ஒரு வா தண்ணிக்கு நாதியில்லீங்க மாமா. வந்தவன வாங்கன்னு கேக்க அந்தப் புள்ளைக்கு ஒருத்தரும் சொல்லித் தரலீங்களா?"

அதோடு வரத்துப் போக்கு நின்றது. நங்கையாவும் வரவில்லை. டாக்டர் சொன்னதை ஆள்விட்டுச் சொல்லிப் பார்த்தோம். "நோவுன்னா உள்ளார வெச்சுக்கோணும். ஒரம்பரை வார எடத்துல எதுக்கு உக்கார வெச்சிருக்காங்க?" என்று பதில் வந்தது. ஒரம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் விருந்தாளி, உறவினர் எல்லாம்தான்.

அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது. மற்ற உறவுக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஆள் வரும்போது பிள்ளையைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடலாமே என்று ஒவ்வொருவரும் வெவ்வேறு தினுசில் சொன்னார்கள். தன் மகள் நங்கையாவைப் பார்க்காத ஏக்கத்தில் என் மாமனாரும் ஒருநாள் மென்று விழுங்கி, "ஒரம்பரை வாரப்ப மட்டும் புள்ளைய உள்ளார வெச்சுரு அம்மணி" என்றார்.

எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல்தான் கோபம். "வெச்சரலாங்க. என்னையும் சேத்து வெச்சு வெளிய பூட்டிப்போடுங்க" என்றேன். அவர் அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. இந்த வீட்டு முன்னறையில் என் மகளுக்கு இடம் இருக்குமா, பின்னறைக்குப் போய்விடுவாளா என்பது அந்த ஒற்றைச் சொல்லில்தான் இருக்கிறது. படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் எங்கேயோ. முதலில் அவள் "வாங்க" என்று கேட்டாக வேண்டும்.

அந்த டாக்டரே துடியலூரில் ஒரு டீச்சர் இருப்பதாகச் சொல்லியனுப்பினார். சூலூரிலிருந்து காந்திபுரம், அங்கிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் இன்னொரு பஸ். வாடகை வீடு ஒன்று, முன்னால் கொய்யா மரம், உள்ளே பாய் விரித்த கூடம், அதில் ஏழெட்டுப் பிள்ளைகள். டீச்சர் பாலக்காட்டுக்காரர். என்னைவிடச் சின்னப் பெண். இதற்கென்றே பெங்களூரில் படித்துவிட்டு வந்திருந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா என்ன கத்துக்கணும்னு நீங்க நினைக்கறீங்க?" என்று கேட்டார். மற்ற தாய்மார்கள் பேச வேண்டும், எழுத வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள் போல. நான், "வந்தவங்களை வாங்கன்னு கேக்கோணுங்க டீச்சர். அது போதும்" என்றேன். சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"சரி, அதுலேர்ந்தே ஆரம்பிக்கலாம். உங்க வீட்ல எப்படிக் கேப்பீங்க? செஞ்சு காட்டுங்க."

அவர் வெளியே போய்க் கதவைத் தட்டினார். நான் எழுந்து போய் "வாங்க டீச்சர், உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று கேட்டேன். மறுபடி போனார், மறுபடி வந்தார். என்னைச் செய்யவிட்டே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, "வாங்க" என்பது ஒரே ஒரு வேலை இல்லை, ஒரு மூட்டை வேலை. சத்தம் காதில் விழ வேண்டும். கையில் இருப்பதைக் கீழே வைக்க வேண்டும். எழுந்து திரும்ப வேண்டும். வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சொல்ல வேண்டும். நாற்காலியைக் காட்ட வேண்டும். தண்ணீர் கொண்டுவர வேண்டும். நாம் மூச்சு விடுகிற மாதிரி செய்துவிடுகிறோம். என் பிள்ளைக்கு அதில் ஒவ்வொன்றும் ஒரு மலை. அவள் திமிரில் முதுகைக் காட்டவில்லை என்று அன்றைக்குத்தான் முழுசாக நம்பினேன். அந்த நம்பிக்கைக்காகவே டீச்சருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

அந்த மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார் டீச்சர். கதவுச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பது மட்டும்தான் முதல் பாடம். அதற்கே பல வாரம் ஆனது. நின்றால் ஒரு கைப் பொரி. கைதட்டிப் பாராட்டக் கூடாது, அந்தச் சத்தம் அவளுக்கு ஆகாது. எல்லோரும் இரண்டு கையையும் தூக்கி விரலை ஆட்டுவோம். முகத்தைப் பார்க்கிற பாடம் வந்தபோது நான் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பப் போனேன். டீச்சர் தடுத்துவிட்டார். "கண்ணைப் பாக்கறது அவளுக்குக் கஷ்டம். நெத்தியைப் பாக்கட்டும். வந்தவங்களுக்கு வித்தியாசமே தெரியாது" என்றார். உண்மைதான். இன்றுவரை ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை. "உங்க பாப்பா என்னமா மொகத்தப் பாத்துப் பேசறா!" என்பார்கள். நான் சிரித்துக்கொண்டே காபி கொடுப்பேன்.

மதியத்துக்கு மேல் அங்கே ஒரு விளையாட்டு உண்டு. ஒரு பிள்ளை வீட்டுக்காரர், ஒரு பிள்ளை விருந்தாளி. அடுத்த முறை இடம் மாறிக்கொள்ள வேண்டும். தன் முறை வரும்வரை பாயில் காத்திருக்க வேண்டும். சொல்லும்போது லேசாக இருக்கிறது. விருந்தாளியாக வந்த ஒரு பையன் தண்ணீரைக் குடித்துவிட்டு, உட்காரச் சொன்ன நாற்காலியையும் கையோடு தூக்கிக்கொண்டு போய்விடுவான். இன்னொரு பெண் வீட்டுக்காரியாக இருந்தால் வந்தவரைக் கதவுக்கு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். திண்டாட்டம்தான். வெளியே கொய்யா மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற நாங்கள், அம்மாக்கள், ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வோம். வேறெங்கும் எங்கள் பிள்ளைகளைப் பற்றி நாங்கள் சிரித்ததில்லை. அந்த மரத்தடியில் சிரித்ததால்தான் வாரத்தின் மிச்ச நாட்களைத் தள்ள முடிந்தது.

ஆனால் துடியலூரில் வந்தது சூலூரில் வரவில்லை. அங்கே கதவு தட்டினால் எழுந்து நிற்கிறவள் எங்கள் வீட்டில் அசையமாட்டாள். "அது அப்படித்தான். வீட்ல தனியாப் பழகணும். தினமும் யாராவது விருந்தாளியா வரணும்" என்றார் டீச்சர். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. விருந்தாளியே வராத வீட்டில் தினமும் விருந்தாளிக்கு எங்கே போவேன்? வந்தாலும் தறி ஓடுகிற சத்தத்தில் இரும்புக் கேட்டு திறப்பது எந்தக் காதில் விழும்?

இதையெல்லாம் அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கேட்டுக்கொண்டார், போய்விட்டார். மறுநாள் டீ நேரத்தில் திடீரென்று வீடே அமைதியாகிவிட்டது. கரண்டு போய்விட்டதா என்று பார்த்தால், ஃபேன் சுற்றுகிறது. மனிதர் தறிகளை நிறுத்திவிட்டு வந்து நிற்கிறார். தறி நின்றால் துணி நிற்கும், துணி நின்றால் எல்லாம் நிற்கும் என்று நினைக்கிற ஊர் அது. நல்ல நாள் பொல்லாத நாளுக்குக்கூட யோசித்துத்தான் நிறுத்துவார்கள். "சித்த நேரம் நிக்கட்டும். ஆள அனுப்பறேன், நீ பாப்பாவப் பாரு" என்றார். அன்றிலிருந்து அந்த நேரத்துக்குத் தினமும் தறி நின்றது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த மனிதரோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். அந்த ஒரு காரியத்தை நினைத்தால் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்துவிடலாம்.

தறி ஓட்டுகிற புருஷனும் பெண்டாட்டியும்தான் முதல் விருந்தாளிகள். பின்வாசல் வழியாக வெளியே போய், பஞ்சைத் தட்டிவிட்டு, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்கேட்டைத் திறந்து வருவார்கள். எதிர்வீட்டு டெய்லர் அக்கா கழுத்தில் அளவு டேப்போடு வருவார். "கர்த்தரே, இன்னைக்காவது இந்தப் புள்ள கேக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டேதான் கேட்டைத் திறப்பார். தபால்காரர் தபால் இல்லாத நாளிலும் சைக்கிளை நிறுத்துவார். ஏர்ஃபோர்ஸில் வேலை பார்த்த வடக்கத்திக்காரர் ஒருவர் பக்கத்துத் தெருவில் குடியிருந்தார். அவர் சம்சாரத்துக்குத் தமிழ் தெரியாது. அந்த அம்மாவும் வந்து எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். இவர்கள் யாருக்கும் எங்களால் ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளை ஒரு சொல் சொல்லட்டும் என்று வந்தார்கள். நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

மாமனார் மட்டும் முறுக்கிக்கொண்டார். "என்ற ஊட்டுக்கு நானே ஒரம்பரையா வாரதா? ஊரு சிரிக்கும்" என்றார். இரண்டு நாள் தள்ளி, வெளுத்த சட்டை போட்டு, தோளில் துண்டு போட்டு, யாரிடமும் சொல்லாமல் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டிருந்தார். அதன்பிறகு அவரைப்போல் கறாரான விருந்தாளி கிடையாது. தண்ணீர் வரும்வரை நாற்காலியை விட்டு எழமாட்டார். பாப்பா சிந்தாமல் கொண்டுவர வேண்டும் என்று நான் முக்கால் டம்ளர்தான் ஊற்றி வைப்பேன். "ஒரம்பரைக்கு முக்கா டம்ளரா?" என்று அதற்கும் ஒரு குறை சொல்வார்.

அப்பாவைப் பெற்றவரை எங்கள் பக்கத்தில் அப்பாரு என்போம். அந்த அப்பாருவிடம்தான் அவள் முதன்முதலாகக் கேட்டாள். தறி நின்றது, கேட்டு கிறீச்சிட்டது. கையில் இருந்த கண்டைக் கீழே வைத்தாள். எழுந்தாள். நெற்றியைப் பார்த்தாள்.

"வாங்க அப்பாரு. உக்காருங்க. தண்ணி குடிங்க."

டீச்சரின் பாலக்காட்டு ராகம் அப்படியே இருந்தது. மாமனார் வாசலிலேயே நின்றுவிட்டார். "வாரஞ் சாமி... வாரேன்" என்றார். நான் அடுப்படிக்கு ஓடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அதன்பிறகு மடை திறந்த கதைதான். எல்லோரையும் கேட்டாள். காந்திபுரம் பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரையும் பார்த்து "வாங்க, உக்காருங்க" என்றாள். நிற்கவே இடமில்லாத பஸ்ஸில்! எனக்குக் கூச்சமாக இருந்தது. கண்டக்டர், "நீ கேளு கண்ணு. நாங் கேட்டா ஒருத்தரும் உள்ள போறதில்ல, நீ கேட்டாப் போறாங்க" என்று விசில் ஊதினார். டீச்சரிடம் சொன்னேன். "சாரமில்ல" என்றார். பரவாயில்லை என்பதற்கு அவர்கள் ஊர்ச் சொல். "முதல்ல எல்லா இடத்துலயும் வரட்டும். எங்கே கேக்கக் கூடாதுன்னு அப்புறம் சொல்லித் தரலாம்."

அப்படியே பஸ்ஸில் கேட்க வேண்டாம், ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டாம், கடையில் கேட்க வேண்டாம் என்று படம் வரைந்து ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தார். நான் அதற்கு நடுவில் என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். நங்கையாவின் கல்யாணப் போட்டோவைத் தினமும் காட்டி, "இது யாரு? மாமா. மாமா வந்தா என்ன சொல்லோணும்?" என்று கேட்பேன். "வாங்க மாமா" என்பாள். எனக்கு வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன். அந்த மனிதர் ஒருநாள் வர வேண்டும், அதே முன்னறையில் இவள் கேட்க வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு வரச் சொல்லி ஆள்விட்டோம். "அந்த ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான்" என்று பதில் வந்தது. மாமனார் அன்றைக்குப் பொங்கலைத் தொடவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை, தறிக்கூடத்து வாசலில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த மாமனார் அப்படியே சரிந்தார். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்காரர் போய்த் தறியை நிறுத்தினார்.

பாப்பாவை டெய்லர் அக்கா வீட்டில் விட்டிருந்தோம். தறி நின்றது அங்கேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தறி நின்றால் விருந்தாளி வருவார். எங்கள் வீட்டில் அவள் படித்த பாடமே அதுதானே. அக்கா அசந்த நேரம் பார்த்துச் சாலையைக் கடந்து வந்துவிட்டாள். முன்வாசலில் தன் இடத்தில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், நின்றுகொண்டாள். அன்றைக்கு வந்தவர்களுக்கா குறைவு? கேட்டு ஓயாமல் கிறீச்சிட்டது. அவளும் ஓயாமல் கேட்டாள்.

"வாங்க. உக்காருங்க. தண்ணி குடிங்க."

எழவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கேட்பதில்லை. வருகிறவர்கள் கேட்காமலே வருவார்கள், சொல்லாமலே போவார்கள். எடுக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. இது எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும். டீச்சர் வரைந்த படங்களில் பஸ் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது. எழவு வீடு இல்லை. அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நான் உள்ளே, மாமனார் தலைமாட்டில். வாசலில் சலசலப்பு கேட்டது. "எழவூட்ல வாங்கன்னு கேக்கறாளே, இன்னொண்ணு வரட்டும்னா?" என்று ஒரு குரல். "இதுக்குத்தான் அன்னைக்கே உள்ளார வெய்யின்னோம்" என்று இன்னொரு குரல். என் வீட்டுக்காரரின் பெரியம்மா ஒருவர் பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்தார். அவளைத் தொட்டால் ஆகாது. ஊரே அதிரக் கத்தினாள். நான் எழுந்து ஓடினேன். துக்கமா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை காலத்துப் பாடமும் என் கண் முன்னாலேயே பாழாகிறது, இன்றோடு இவளை உள்ளே பூட்டிவிடுவார்கள் என்று மட்டும் தெரிந்தது.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. நங்கையா தலைவிரி கோலமாக "அப்பா" என்று அலறிக்கொண்டு எங்களைத் தாண்டி உள்ளே ஓடினார். பின்னால் கேட்டு மெதுவாகக் கிறீச்சிட்டது. உடுமலைக்காரர்.

பாப்பாவின் கத்தல் நின்றது. மணிக்கட்டு இன்னும் பெரியம்மாவின் பிடியில்தான் இருந்தது. திரும்பினாள். கன்னமெல்லாம் கண்ணீர். அவர் நெற்றியைப் பார்த்தாள்.

"வாங்க மாமா. உக்காருங்க. தண்ணி குடிங்க."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை வருஷம் அவர் வராமல் இருந்தார். அது அவருக்குக் கிடைத்தது, கேட்கவே கூடாத இடத்தில். முறை தவறாத அந்த மனிதர் கேட்டில் கை வைத்தபடி நின்றார்.

"புள்ளைய உடுங்க" என்றார் பெரியம்மாவிடம்.

பெரியம்மா கையை விட்டார். உடுமலைக்காரர் வந்து விருந்தாளிகளுக்குப் போடுகிற இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். பாப்பா குடத்தில் மொண்டாள். நான் ஊற்றி வைக்காததால் டம்ளர் தளும்பியது, பாதி அவர் வேட்டியில் சிந்தியது. அவர் வாங்கி அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தார். உள்ளே மாமனார் படுத்திருக்கிறார், வெளியே அவர் மருமகன் எல்லோரும் பார்க்கத் தண்ணீர் குடிக்கிறார்.

"தாகமா இருந்துதுங்க" என்றார், யாரையும் பார்க்காமல். டம்ளரைப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய், துக்கம் கேட்க வருகிறவர்கள் தொடுவதற்காக நீட்டியிருந்த என் வீட்டுக்காரரின் கைகளைத் தொட்டு, அதன்மேல் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கவில்லை. பாப்பா அவள் இடத்திலேயே நின்றாள். எடுக்கும்வரை வந்த ஒவ்வொருவரையும் கேட்டாள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். சிலர் பழக்கத்தில் "வாரங் கண்ணு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

காரியம் முடிந்து துடியலூருக்குப் போனபோது டீச்சரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்தப் படத்தை நான் வரையாம விட்டுட்டேன். என் தப்பு" என்றார். "சாரமில்லீங்க டீச்சர்" என்றேன், அவர் சொல்லையே அவருக்குத் திருப்பிக் கொடுத்து. இரண்டு பேரும் அழுதோம், சிரித்தோம். அன்றைக்கே ஒரு படம் வரைந்தார். வாசலில் நாற்காலிகள், தலைகுனிந்த மனிதர்கள். இங்கே கேட்க வேண்டாம், பக்கத்தில் போய் நின்றால் போதும். பாப்பா அதையும் கற்றுக்கொண்டாள்.

காரியத்தன்று உடுமலைக்காரர் என் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். "எத்தன மணிக்கு மாப்ள தறிய நிறுத்துவீங்க?" என்று. பாப்பாவுக்காகத் தறி நிற்கிற கதையை யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். எங்கள் வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டார். எதற்குக் கேட்டார் என்று எங்களுக்குப் புரியவில்லை. வாசப்படி மிதிக்கமாட்டேன் என்றவர், சாவுக்கு வந்தது சாவோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. சாயங்காலம் டீ நேரத்துக்கு வழக்கம்போல் வீட்டுக்காரர் நிறுத்தினார். பாப்பா எழுந்து போய் வாசலில் நின்றாள். அப்பாரு விருந்தாளியாக வருகிற நேரம் அது. கேட்டு திறக்கவில்லை. தினமும் நின்றாள். எனக்குப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் அவளை உள்ளே கூட்டிப்போய்ச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

கேட்டு கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, ஒரு கையில் இளநீர்க் குலை. கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளே கால் வைக்காமல் உடுமலைக்காரர் நிற்கிறார். எச்சில் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடினேன்.

"வாங்கண்ணா! வாங்க, உள்ளார வாங்க!"

அவர் அசையவில்லை. என்னைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தார்.

"நீ கேட்டா ஆச்சா அம்மணி? புள்ள வந்து கேக்கட்டும்."